பீலிக்கு மேலே ஒரு சக்கரம்

எமது பாடசாலையின் பின்புறத்தில், சீமெந்துத் தூண்களின்மேல் ஒரு தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் அதன் அடியிலே ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, பழைய கரண்டிகளை வளைத்துச் செய்த சக்கரமொன்றின்மீது நீரைப் பீச்சினர். சக்கரத்தின் அச்சிலே சைக்கிள் டைனமோ. டைனமோவின் முனையிலே சின்னஞ்சிறு மின்குமிழ். ஆறு மீற்றர் உயரத்திலிருந்து இறங்கிய நீர் பட்டதும் குமிழ் மின்மினிபோல ஒளிர்ந்தது. ஆரவாரம் அடங்கியபின் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், தாங்கிக்குத் தண்ணி ஏத்துறது கரண்ட் மோட்டர்தானே? அப்ப இதில எங்களுக்கு என்ன லாபம்?"

நல்ல கேள்வி. மலைநாட்டிலே அந்த மோட்டாரின் வேலையைச் சூரியன் செய்கிறான். கடல்நீரை ஆவியாக்கி ஆறாயிரம் அடி உயரத்திற்கு ஏற்றிவிட்டுக் கூலி கேளாமல் மறைந்துபோகிறான் என்றோம். அவள் விடவில்லை. "அந்த மலைத்தண்ணி மகாவலியாகி எங்கட குடாவிலதானே வந்து விழுது? ஏன் இஞ்ச எடுக்கேலாது?"

திருகோணமலையில் வாழும் எவருக்கும் நியாயமாக எழக்கூடிய ஐயம் இது. 335 கிலோமீற்றர் நடந்து வரும் அந்த ஆறு கொட்டியாரக் குடாவிலேதான் கடலைச் சேர்கிறது. முன்னாளில் படகேறி மூதூருக்குச் சென்றவர்கள், மழைக்காலத்தில் குடாநீர் செம்மண் கலங்கிக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தச் செம்மண்ணில் ஒரு பகுதி தேயிலைச் சரிவுகளிலிருந்து பெயர்ந்த மண். நீர் வருகிறது, மண்ணும் வருகிறது, ஆனால் வீழ்ச்சி வருவதில்லை. நீரிலிருந்து பெறும் ஆற்றல் இரண்டின் பெருக்கம்: எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பன. எமது மாவட்டத்தில் ஆறு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. அதன் உயரத்தையெல்லாம் கொத்மலையில் 201 மெகாவாற்றாகவும் விக்டோரியாவில் 210 மெகாவாற்றாகவும் முன்னரே செலவிட்டுவிட்டார்கள். எமக்கு வந்து சேர்வது வேலை முடித்த நீர். அதை வயலுக்குப் பாய்ச்சலாம், விளக்கேற்ற முடியாது.

அந்த ஆற்றின் தலைப்பக்கத்திலே, பெயரில்லாத ஓர் ஓடையில், ஒருமுறை நாம் கைவைத்த கதையை அன்று மாணவர்க்குச் சொன்னோம். வகுப்பில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கு எழுதுகிறோம்.

எமது குடும்பம் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் தோட்டத்தை விட்டிறங்கித் திருகோணமலைக்கு வந்தது. அவ்வாறு வந்த குடும்பங்கள் பல. தாய்மாமன் மட்டும் வரவில்லை. தலவாக்கலைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையிலே வேலை பார்த்தார். "யந்திரத்த விட்டுட்டு எங்க வர்றது?" என்பது அவர் சொன்ன காரணம். பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட லயம் ஒன்றின் கோடிக் காம்பரா அவருடையது. பட்டறையிலே பகல் முழுவதும் மின்சாரத்தோடு உழைத்தவர், மாலையில் குப்பி விளக்கின் வெளிச்சத்திலே சோறு தின்றார்.

குப்பி விளக்கு என்றால் இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. பழைய போத்தல், மூடியிலே ஒரு துளை, துளைக்குள் துணித் திரி, உள்ளே மண்ணெண்ணெய். தட்டினால் உருளும், உருண்டால் எண்ணெய் கொட்டும், கொட்டினால் தீ. இலங்கையின் வைத்தியசாலைகளில் இவ்வாறு எரிந்து வந்த ஏழைகளை ஓயாது கண்ட விஜய கொடகும்புர எனும் சத்திரசிகிச்சை நிபுணர், உருளாத கனத்த அடியும் திருகு மூடியும் கொண்ட குட்டையான கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்துப் பரப்பினார். அதற்காக 1998இல் உலகப் பரிசொன்றும் பெற்றார். அந்த விளக்கு எம் மாமாவின் லயத்தை எட்டவில்லை. 1995இல் அவருடைய கடைசி மகள், ஏழு வயதுக் குழந்தை, பாயிலே படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது விளக்கு உருண்டது. பிள்ளை பிழைத்தாள். இடக்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கிப் போயிற்று.

மாமா அதன்பின் நெடுநாள் அதிகம் பேசவில்லை. 1997 ஆடி மாதத்தில் அவரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "விடுமுறைக்கு வா. தண்ணி பிடிக்க வேணும்." அவ்வளவுதான்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக இறங்கி ஏறி, இரண்டு நாட் பிரயாணத்தின் பின் போய்ச் சேர்ந்தோம். மாமா எம்மை முதலில் அழைத்துச் சென்றது ஓடைக்கல்ல, தொழிற்சாலையின் பின்னாலிருந்த ஒரு தகரக் கொட்டகைக்கு. உள்ளே துருவேறிய இரும்பு நத்தை ஒன்று கிடந்தது. பிரித்தானியரின் காலத்து நீர்ச்சுழலி. தோட்டத்தார் எல்லோரும் அதனை டைனமோ என்றே அழைத்தனர்.

இலங்கையின் மின்சார வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் விமலசுரேந்திராவிலிருந்து தொடங்குவர். 1918இலேயே மலைநாட்டின் நீரிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்று கணக்கிட்டுக் காட்டிய அந்தப் பொறியியலாளரின் கனவு, 1950இல் லக்சபானாவிலே நிறைவேறியது. ஆனால் அதற்கு முன்னரே தேயிலைத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சுழலிகள் ஓடின. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து கில்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து பல வந்திறங்கின. முதலில் அவை கொழுந்து அரைக்கும் உருளைகளைச் சுழற்றின; பின்னர் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் விளக்கேற்றின. மலைப்பாதையிலே அந்த இரும்பைச் சுமந்து ஏறியவர்கள் யார்? வாய்க்கால் வெட்டியவர்கள் யார்? அடைமழையில் வாய்க்காலின் வாயிலே நின்று சருகு வாரியவர்கள் யார்? அவர்களுடைய லயங்கள் தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தன. கம்பி அங்கே போகவில்லை. தேசிய மின்வலையமைப்பு தோட்டங்களை எட்டியதும் சுழலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. மின்சாரம் மாறியது, அது சென்ற இடம் மாறவில்லை.

மாமா அந்த நத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நமக்குப் பெருசு, மாப்புள. நம்ம தண்ணிக்கு நம்ம சக்கரம் வேணும்."

சக்கரத்தைப் பற்றியே சிந்தித்துக்கொண்டு சென்ற எமக்கு, அவர் முதற் பத்து நாளும் சக்கரத்தின் பேச்சையே எடுக்கவில்லை என்பது வியப்பாயிருந்தது. நீரைத்தான் அளந்தார். ஓடையின் குறுக்கே களிமண்ணும் கல்லும் வைத்துத் தடுத்து, நீர் முழுவதையும் ஒரு குழாய்த்துண்டின் வழியாக விழச்செய்து, இருபது லீற்றர் கொள்ளும் தகரமொன்றை அடியிலே பிடித்தோம். நான்கு விநாடியில் நிரம்பியது. விநாடிக்கு ஐந்து லீற்றர். நாம் கொப்பியில் எழுதிக்கொண்டு மகிழ்ந்தோம். மாமா மகிழவில்லை. ஓடைக் கல்லொன்றிலே உளியால் கொத்திய கோடுகளைக் காட்டினார். இரண்டாண்டாக மாதந்தோறும் நீர் நின்ற மட்டம். "ஆவணியில எல்லா ஓடையும் ஆறுதான். பங்குனியில என்ன இருக்குன்னு பாரு." பங்குனியில் இரண்டு லீற்றர்தான் இருந்தது. முந்திய ஆண்டு, 1996இலே, மழை பொய்த்துப் பெரிய நீர்த்தேக்கங்கள் வற்றி நாடே மின்வெட்டில் கிடந்ததை நாம் அனுபவித்திருந்தோம். மழைக்காலத்து நீரைப் பார்த்துத் திட்டமிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு நாட்டளவான சான்று அது. கற்றவர்கள் செய்த அந்தப் பிழையை மாமா செய்யவில்லை.

உயரத்தை அளக்க ஒரு தெளிவான இரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளிலும் மட்டம் பார்த்து, படிப்படியாகச் சரிவிலே இறங்கினோம். ஓடை மேட்டிலிருந்து லயத்தின் பின்னாலுள்ள பள்ளம்வரை இருபத்துநான்கு மீற்றர். ஐந்தை இருபத்துநான்கால் பெருக்கி, புவியீர்ப்பின் 9.81ஆல் மீண்டும் பெருக்கினால் ஏறக்குறைய 1180 வாற். சக்கரத்திலும் பட்டியிலும் மோட்டாரிலும் பாதி வீணாகும் என்று கொண்டாலும் 590 வாற் மிஞ்சும். பன்னிரண்டு காம்பராவுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய ஐம்பது வாற்! அன்றிரவு குப்பி விளக்கின் அருகே நாம் போட்ட இந்தக் கணக்கு எமக்கு ஒரு கவிதைபோல இனித்தது.

மறுநாட் காலையில் கணக்கு உடைந்தது.

எமது சக்கரம் அமையவிருந்த பள்ளத்திற்கும் நீர் எடுக்கும் இடத்திற்கும் நடுவிலே பீலி ஒன்று இருந்தது. பீலி என்பது தோட்டத்து மக்களின் உயிர்நாடி. ஓடைநீரைத் தகரத்தாலோ மூங்கிலாலோ மறித்து ஒரு வாயிலே விழச்செய்வார்கள். அங்கேதான் குடிநீர், குளிப்பு, துவைப்பு, பிள்ளைகளின் கும்மாளம், பெண்களின் நியாயசபை எல்லாம். அந்தப் பீலி கீழ்லயத்தாருடையது. மேலே நீரைக் குழாய்க்குள் அடைத்துக் கீழே பள்ளத்திலே விட்டால், நடுவிலுள்ள பீலி பங்குனியில் வரண்டுபோகும். நீர்மின்சாரம் நீரைக் குடிப்பதில்லை, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும் என்று பாடநூல் கூறுகிறது. உண்மைதான். எங்கே திருப்பிக் கொடுக்கிறது என்பதைப் பாடநூல் கூறுவதில்லை.

கொழுந்துக் கூடையோடு வந்த கீழ்லயத்துப் பெண்கள் வட்டமாக நின்றுகொண்டனர். நாம் கொப்பியை விரித்து, இரவிலே மட்டும் ஓட்டலாம், பகலில் பீலிக்கு விட்டுவிடலாம் என்று விளக்கினோம். ஒரு மூதாட்டி எம்மை மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியாரய்யா, வெளக்கு ராத்திரிக்குத்தான் வேணும். தண்ணி எந்நேரமும் வேணும். ராத்திரி பிரசவம் வந்தா தண்ணிக்கு எங்க போறது?" என்றார். எம்மிடம் விடை இல்லை. இன்னொருத்தி, "சக்கரத்துக்குப் போடுற கிறீஸ் எங்க தண்ணியில விழாதா?" என்றாள். அதற்கும் விடை இல்லை.

மாமா ஒன்றும் வாதாடவில்லை. மட்டக்குழாயைத் தூக்கிக்கொண்டு மீண்டும் மேலே ஏறினார். சக்கரத்தைப் பீலிக்கு மேலே வைத்தால் உயரம் பதினெட்டு மீற்றர். 590 வாற் 440 ஆகச் சுருங்கும். பங்குனியில் 180 கூடத் தேறாது. ஆனால் சக்கரத்தை விட்ட நீர் முழுவதும் பீலிக்கு வந்துசேரும். ஆறு மீற்றர் வீழ்ச்சியைக் கீழ்லயத்துக்கு விட்டுக்கொடுத்தார். சக்கரத்தின் அச்சைத் தாங்கும் உருளைகளை நீர்ப்பெட்டிக்கு வெளியே வைத்தால் கிறீஸ் நீரில் விழாது என்று மண்ணிலே கோடிட்டுக் காட்டினார். அந்தப் பெண் குனிந்து கோட்டைக் கூர்ந்து பார்த்தாள். "அப்ப சரி" என்றாள்.

பின்னாளில் எமது மாவட்டத்தில் நடந்தவற்றை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காலைப்பொழுது எம் நினைவில் எழுகிறது. 2006 ஆடி மாதத்தில், இதே மகாவலியின் நீரை வயல்களுக்குத் திருப்பும் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. கீழேயுள்ள ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களுக்கு நீர் நின்றது. அதைத் திறக்கவெனப் படை நகர்ந்தது. சில வாரங்களுக்குள் மூதூரும் சம்பூரும் வெறிச்சோடின. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றனர். அந்தப் போருக்கு ஒரு மதகுதான் காரணம் என்று நாம் கூறவில்லை. அதன் வேர்கள் எவ்வளவு ஆழமானவை என்பதை 1948ஐயும் 1977ஐயும் அறிந்த எவரும் அறிவர். ஆனால் அந்த மதகடியில், கொழுந்துக் கூடையோடு நின்று கேள்வி கேட்கப் பெண்கள் இருக்கவில்லை. மட்டக்குழாயோடு மீண்டும் மலையேற ஒரு மாமா இருக்கவில்லை.

வேலைக்குத் திரும்புவோம். நிலம் தோட்டத்து நிலம். ஓடை தோட்டத்து ஓடை. 1972லும் 1975லும் அரசு தோட்டங்களை எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் திருப்பிக் கொடுத்தது. ஓடையின் சொந்தக்காரர் மாறிக்கொண்டே இருந்தார். அனுமதி வேண்டி நாம் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். சம்மதமும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. மறுப்பு வராததையே மாமா சம்மதமாகக் கொண்டார்.

நீர் எடுக்கும் இடத்தில் முழங்கால் உயரக் கல்லணை. அணையின் பக்கவாட்டில் கம்பிச் சட்டம். நேராக வைத்தால் சருகு அடைக்கும், சரித்து வைத்தால் வெள்ளமே சருகை வழித்துக்கொண்டு போகும். அதற்கடுத்து, நீர் சற்றே நின்று மூச்சுவிடுவதற்கு ஒரு தொட்டி. அங்கேதான் மணல் படியும். மணல் குழாய்க்குள் போனால் ஆறு மாதத்தில் சக்கரத்தை அரித்துவிடும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் ஆழ அமிழ்ந்திருக்கவேண்டும். சுழி விழுந்து காற்று புகுந்தால் குழாய் விக்கலெடுக்கும். குழாயின் அகலத்தைப் பற்றித்தான் எமக்கும் மாமாவுக்கும் பெரிய வாக்குவாதம். மூன்றங்குலக் குழாய் மலிவு. ஆனால் நூற்றிருபது மீற்றர் நீளத்திற்கு மூன்றங்குலம் போட்டால் உராய்விலேயே இரண்டு மீற்றர் உயரம் கரைந்துபோகும். நான்கங்குலம் போட்டால் அரை மீற்றர்தான். கீழ்லயத்துக்கு ஆறு மீற்றரை மனமுவந்து கொடுத்த மாமா, குழாய்க்கு இரண்டு மீற்றர் கொடுக்க மறுத்துவிட்டார். பன்னிரண்டு குடும்பங்களும் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அந்தக் குழாய்க்கே சென்றது. அதைப் புதைக்கும் வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆணும் பெண்ணும் சிறுவரும் மண்வெட்டியோடு வந்தனர். கீழ்லயத்தாரும் வந்தனர், விளக்கு அவர்களுக்கு இல்லை என்று தெரிந்தும்.

சக்கரம் கண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. வார்த்துக் கொடுத்தவர் ஒரு சிங்களத் தொழிலாளி. மாமாவுக்குப் பட்டறைக் காலத்துச் சிநேகிதர். யுத்த காலத்திலே, தமிழன் ஒருவன் கேட்கும் இரும்புச் சாமானை ஆயிரம் கண்கள் சந்தேகித்த நாட்களிலே, எதற்கு என்று ஒரு கேள்வி கேளாமல் இருபது பித்தளைக் கிண்ணங்களை வார்த்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்தார். பித்தளையின் விலையை மட்டும் வாங்கினார்.

அந்தக் கிண்ணத்தின் வடிவை மாணவர் அறியவேண்டும். இரண்டு கரண்டிகளை ஒட்டவைத்து நடுவிலே கூரான வரப்பு விட்டதுபோல் இருக்கும். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களில் தச்சுவேலையும் யந்திரவேலையும் செய்துவந்த பெல்ற்றன் என்பவர் 1880இல் பதிவுசெய்த அமைப்பு அது. நீர்த்தாரை நடு வரப்பிலே மோதி இரண்டாகப் பிரிந்து, கிண்ணத்தின் வளைவில் திரும்பி, வந்த வழியே பின்னோக்கி வெளியேறும். கிண்ணம் நீரின் பாதி வேகத்தில் ஓடினால், வெளியேறும் நீரில் வேகம் அநேகமாக மிஞ்சாது; தன் பலம் முழுவதையும் கொடுத்துவிட்டுத் துவண்டு கீழே விழும். தோட்டத்து முதலாளியும் தொழிலாளியை அப்படித்தானே வடிவமைத்துக் கறக்கிறான் என்று நாம் மாமாவிடம் உவமை சொன்னோம். இளமையின் உற்சாகம். மாமா சிரித்தார். "தண்ணிக்கு வயிறு இல்ல, மாப்புள" என்றார். அதன்பின் அந்த உவமையை நாம் எங்கும் உபயோகித்ததில்லை.

மின்னாக்கி, பழைய சாமான் கடையிலே வாங்கிய இரண்டு குதிரைவலு மோட்டார். மின்சாரம் கொடுத்தால் சுற்றும் தூண்டல் மோட்டாரை, நாம் அதன் இயல்பு வேகத்திற்குச் சற்று மேலாகச் சுற்றி, தக்க அளவில் கப்பாசிட்டர்களை இணைத்தால் அதுவே மின்சாரம் கொடுக்கும். சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 750 தரம் சுற்ற, பட்டி அதை இரட்டிப்பாக்கி மோட்டாருக்குக் கொடுத்தது. மூன்று முனைகளில் ஒரு சோடிக்கு ஒரு பங்கு கப்பாசிட்டரும் இன்னொரு சோடிக்கு இரு பங்கும் இணைத்தால், வீட்டு விளக்குகளுக்கேற்ற ஒற்றைக் கம்பி மின்சாரம் கிடைக்கும். எந்தச் சோடிக்கு எது என்பதை மாற்றி இணைத்தால் மோட்டார் சூடேறிக் கருகும். மாமா சொல்லச் சொல்ல அந்த இணைப்பை நாம் கொப்பியிலே படமாக வரைந்துகொண்டோம்.

முதல் நாள் மாலையில் பன்னிரண்டு காம்பராக்களிலும் விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றிலும் 25 வாற் குமிழ் ஒன்று. யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினர். சுவர்கள் எவ்வளவு கரி படிந்தவை என்பதைப் பெண்கள் அன்றுதான் கண்டதாகச் சொன்னார்கள். மறுநாளே சுண்ணாம்பு வாங்க ஆளனுப்பினார்கள். மாமாவின் மகள் புத்தகத்தை விளக்கின் கீழே வைத்துக்கொண்டு, படிக்காமல், விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் இரவில் எல்லாம் அணைந்தது. குற்றம் எமதே. சக்கரத்தை நிறுத்தவேண்டி, வால்வை ஒரே மூச்சில் சாத்திவிட்டோம். நூற்றிருபது மீற்றர் நீளத்திற்கு ஏறக்குறைய ஒரு தொன் நீர் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கிறது; அதைத் திடீரென்று நிறுத்தினால் அது சம்மட்டியாக மாறும். அழுத்தம் இரட்டித்து, நடுவிலே ஒரு மூட்டுத் தெறித்தது. புதைத்த மண் வெடித்து நீர் வானத்திற்குப் பீச்சியது. விஞ்ஞானப் பட்டதாரியான நாம் இருட்டிலே நனைந்து நின்றோம். மாமா கோபிக்கவில்லை, வால்வின் பிடியில் "பத்துச் சுத்து, பத்து மூச்சு" என்று சிவப்பு மையால் எழுதிவைத்தார்.

வேறொரு சிக்கல் எவரும் எதிர்பாராதது. எமது யந்திரத்திற்கு வேகக் கட்டுப்பாடு இல்லை. ஒரு வீட்டார் விளக்கை அணைத்தால் சுமை குறைந்து சக்கரம் விரையும், மின்னழுத்தம் ஏறும், அடுத்த வீட்டுக் குமிழ் வெடிக்கும். ஆகவே லயத்திலே ஒரு சட்டம் பிறந்தது: தனியாக யாரும் விளக்கணைக்கக் கூடாது. பத்து மணிக்கு எல்லாருக்கும் சேர்த்து மாமா வால்வைச் சாத்துவார். புதுமணத் தம்பதியர் ஒருவர் விளக்கின்மேல் சட்டியைக் கவிழ்த்து மூடிய செய்தி லயத்திலே நெடுநாள் சிரிப்பாக உலவியது. சில மாதங்களின் பின், மிஞ்சும் மின்சாரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை மாமா தேடிப் பெற்றார். மிச்ச மின்சாரம் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றிற்குள் அமிழ்த்திய வெப்பக் கம்பியிலே எரிந்தது. பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் அந்தப் பீப்பாயின் வெந்நீர் என்று பெண்கள் முடிவுசெய்தனர். கீழ்லயத்துக்கும் அதில் உரிமை இருந்தது. பங்குனி வந்ததும் சிறிய தாரைமுனையை மாட்டி, 25 வாற் குமிழ்களைக் கழற்றி 15 வாற் குமிழ்களைப் போட்டனர்.

நாம் சிறிய சக்கரத்தைப் போற்றிப் பரணி பாடுவதற்காக இதனை எழுதவில்லை. 1990களில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைக்கிராமங்கள் பலவற்றில் இத்தகைய சிறு நீர்மின் நிலையங்கள் தோன்றின. சிறியதே அழகு என்று நூலெழுதிய சூமாக்கர் 1966இல் தொடங்கிவைத்த இடைநிலைத் தொழில்நுட்பக் குழு அவற்றிற்குத் துணைநின்றது. கிராமத்தார் மின்நுகர்வோர் சங்கம் அமைத்துச் சிரமதானத்தால் வாய்க்கால் வெட்டினர். பின்னர் உலக வங்கியின் கடனும் வந்தது. அருமையான முயற்சி, நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அதனால் ஒளிபெற்றன. ஆனால் சங்கம் அமைக்க ஊர் வேண்டும். கடன் வாங்கக் காணி வேண்டும். லயத்து மனிதனுக்கு இரண்டும் இல்லை. அவனுடைய ஓடை கம்பனியின் ஓடை. அவனுடைய காம்பரா கம்பனியின் காம்பரா. ஏழைகள் தம் விளக்கைத் தாமே செய்துகொள்ளட்டும் என்று சிறுமையின் அழகைப் பாடிக்கொண்டு, பெருங்கம்பிகளை நகரத்திற்கும் ஆலைக்கும் இழுத்துச் செல்வது எவ்வகை நியாயம்? பன்னிரண்டு குடும்பங்கள் சம்பளத்தை வெட்டி வாங்கிய 440 வாற், மலைநாட்டின் பெரிய சுழலிகளுக்கு ஒரு விநாடியின் சிதறலிலும் சிறியது. அந்தப் பெரிய சுழலிகளும் அதே மழையில்தான் ஓடுகின்றன.

ஆகவே 2000களில் லயத்துக்கு மின்வலையமைப்பின் கம்பி வந்தபோது, மக்கள் சக்கரத்தைக் கைவிட்டதில் எமக்கு வருத்தமில்லை. இஸ்திரிப் பெட்டியும் தொலைக்காட்சியும் சோற்றுப் பானையும் 440 வாற்றில் ஓடா. மாமாவும் வருந்தவில்லை. பட்டியைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். கிண்ணங்களுக்குக் கிறீஸ் தடவிச் சாக்கிலே கட்டினார். 2011இல் காலமானார். அடுத்த ஆண்டு தலவாக்கலையிலே 150 மெகாவாற் மேல்கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கியது. அவர் இருந்திருந்தால் நிச்சயமாகப் போய்ப் பார்த்து, பங்குனியில் எவ்வளவு தண்ணீர் என்று யாரையாவது கேட்டிருப்பார்.

2022 பங்குனியின் கடைசி நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாட்டிடம் எண்ணெய் வாங்க டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களில் நீரும் இல்லை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. திருகோணமலைக் கரையில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன; எம் வீதிகளில் வெற்றுக் கலன்கள் கயிற்றிலே கோக்கப்பட்டு வரிசையில் நின்றன. அதே ஆண்டு ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக அந்த மண்ணெண்ணெய் உயர்ந்தபோது, கடற்றொழிலாளர் பலர் கடலுக்குப் போவதையே நிறுத்தினர்.

அந்தப் பங்குனியின் ஓர் இரவில் எம் தொலைபேசி ஒலித்தது. மாமாவின் கடைசி மகள். இப்போது அவள் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை, முப்பத்துநான்கு வயது. ஒரு வாரமாகத் தொட்டியில் மணல் வாரியதாகவும், உடைந்த குழாய்த் துண்டுகளுக்குப் பதில் வேறு பொருத்தியதாகவும், கிண்ணங்கள் சாக்குக்குள் நேற்றுச் செய்தவைபோல இருந்ததாகவும் சொன்னாள். கப்பாசிட்டர் வாங்கியாயிற்று, இணைப்புத்தான் தெரியவில்லை. "அத்தான், அப்பா சொன்னத நீங்க கொப்பில எழுதுனீங்கல்ல? ரெண்டு பங்கு எந்தச் சோடிக்கு?"

மின்வெட்டு நேரம். மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு பழைய பெட்டியைக் கிளறினோம். கொப்பி இருந்தது, கறையான் ஓரத்தைத் தின்றிருந்தது, படம் தப்பியிருந்தது. கம்பி கம்பியாக வாசித்தோம். அவள் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டாள். பாதியில் அவளுடைய தொலைபேசியின் மின் தீர்ந்து பேச்சு அறுந்தது.

அடுத்த நாள் இரவு ஒரு செய்தி வந்தது. பன்னிரண்டு காம்பராவிலும் ஐந்து வாற் எல்.ஈ.டி. விளக்கு எரிகிறதாம்; மிச்ச மின்சாரத்தில் கீழ்லயத்தாரின் தொலைபேசிகளுக்கும் மின்னேற்றுகிறார்களாம். கூடவே ஒரு கேள்வியும் இருந்தது. கீழ்லயத்திலிருந்து ஒரு பெண் வந்து, கிறீஸ் பீலித் தண்ணீரில் விழாதா என்று கேட்கிறாளாம், உருளைகள் பெட்டிக்கு வெளியேதான் இருக்கின்றன என்று காட்டியும் நம்பவில்லை, என்ன சொல்வது?

கோடிட்டுக் காட்டும்படி எழுதினோம்.